டைனோசர் பல்லை வெட்டாமல் வாசிப்பது எப்படி?

கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று மூன்று வாரமாக என்னைப் படுத்தி எடுத்தது. பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வேரில் மூன்று குழாய், மூன்றையும் அடைத்தாயிற்று, இனி வலிக்காது என்றார்கள். வலித்தது. வேறொரு மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுக்க, வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் தலையை ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் திரையில் என் பல் மட்டும் தனியாக மிதந்தது. அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிய பையன் ஓரிடத்தில் நிறுத்தினான். அங்கே நான்காவதாக ஒரு குழாய் இருந்தது.

"இது மத்ததுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு அண்ணாச்சி, அதான் எக்ஸ்ரேல தெரியல" என்றவன், சும்மா இராமல், "டைனோசர் பல்லக்கூட இப்படித்தான் எடுக்காங்களாமே?" என்று கேட்டான். "இதைவிடப் பல மடங்கு நுணுக்கமா எடுப்பாங்க தம்பி" என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: "நம்ம ஊர்ப்பக்கம் அதெல்லாம் கிடைக்குமா?"

இரண்டாவது கேள்விக்கான பதில் சிறியது, அதை முதலில் சொல்லிவிடலாம். நெல்லைச் சீமையில் டைனோசர் கிடைக்காது. நம் மண்ணுக்கடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். டைனோசர்கள் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான், வெந்து படிகமாகிப்போன கல். அதில் உயிரின் தடம் எதுவும் மிஞ்சியிருக்காது. கடற்கரைப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியோ நேற்று வந்தது. அதில் கிடைப்பவை மனிதன் செதுக்கிய குறுங்கற்கருவிகள்.

டைனோசர் வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, அரியலூருக்குப் போக வேண்டும். அங்கும் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்குத்தான் போகிறது. ஆனால் அது கடலடியில் படிந்த சுண்ணாம்பு, சிப்பியும் நத்தையும் அப்படியே இருக்கும். அந்தப் படிவுகளுக்கு மேலே, கல்லமேடு என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் மண்ணும் மணற்கல்லுமான அடுக்கு ஒன்று உண்டு. டைனோசர் காலத்தின் கடைசி அத்தியாயத்தில் படிந்தது, வயது ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல். ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் மூவாயிரம் ஆண்டை நாம் வாய் பிளந்து சொல்கிறோம். இது அதைப்போல இருபதாயிரம் மடங்குக்கும் மேலே.

கல்லமேட்டில் ஒரு பெரும் விலங்கின் எலும்புகள் கிடைத்தன. 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் அதற்கு புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்று பொருள். உலகிலேயே பெரிய தரைவிலங்காக இருக்கலாம் என்று ஒரு சாரார், மரத்துண்டாகக்கூட இருக்கலாம் என்று இன்னொரு சாரார். அடித்துப் பேச இப்போது வழியில்லை. எலும்புகள் நொறுங்கி மண்ணோடு மண்ணாகிவிட்டன. மிஞ்சியவை சில கோட்டோவியங்களும், 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும்தான்.

அதே கல்லமேட்டில் இன்னொன்றும் கிடைத்தது. ஒரே ஒரு சின்னப் பல். 2013இல் இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அது ட்ரூடான்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய உறவான டைனோசர் குடும்பத்தின் பல் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பு அந்தக் குடும்பம் வடகோளக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அத்தனை பெரிய எலும்பு போய்விட்டது, இத்தனூண்டு பல் நின்றுவிட்டது.

காரணம் எளிது. பல்லின் மேல்பூச்சான எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். கல்லாக மாற அதற்கு அதிக வேலையில்லை, பாதிக் கல்லாகவே பிறக்கிறது. தவிர, டைனோசர்களுக்கு நம்மைப் போல இரண்டே முறை பல் முளைத்து நின்றுவிடுவதில்லை. முதலையைப் போல வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தன. ஒரு விலங்கு விட்டுச்சென்ற எலும்புக்கூடு ஒன்றுதான், பற்களோ நூற்றுக்கணக்கில்.

இவ்வளவு நாளாக அந்தப் பற்களை வைத்து ஆய்வாளர்கள் செய்தது பெரும்பாலும் பெயர் வைப்பதுதான். வடிவம் பார்த்து, இது இன்ன குடும்பம் என்பது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். பிசினில் பதித்து, வைர ரம்பத்தால் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். நூறு பல் இருந்தால் ஒன்றை அறுக்கலாம். ஒரு குடும்பத்துக்கே சாட்சியாக ஒரே பல்தான் இருக்கிறது என்றால் எந்த அருங்காட்சியகம் அறுக்க விடும்?

இனி படக்கருவிகளுக்கு வருவோம். என் பல்லின் நான்காவது குழாய் ஏன் முதலில் தெரியவில்லை? எக்ஸ்ரே படம் ஒரு நிழல். தோல்பாவைக் கூத்தில் இரண்டு பாவைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்தால் திரையில் ஒரு நிழல்தான் விழும். சிடி ஸ்கேன் செய்வது, அந்த நிழலைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான கோணங்களில் எடுத்து, எந்தப் பொருள் இருந்தால் இத்தனை நிழலும் இப்படி விழும் என்று கணக்குப் போட்டு உள்ளுருவத்தைக் கட்டுவது. மனித மூளையை முதன்முதலில் இப்படி எடுத்தது 1971இல், லண்டனில். அதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979இல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம் என்பதற்குப் பத்தமடைப் பாய்தான் எனக்குத் தோன்றும் உதாரணம். சாதாரணக் கோரைப்பாயில் ஒரு பட்டைக் கோடு போடலாம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு நெய்யும் பட்டுப்பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையே எழுத்தெழுத்தாக நெய்துவிடுகிறார்கள். இரண்டும் கோரைதான். பட்டுப்பாயில் அந்தக் கோரையைக் கிழித்து இழையாக்கியிருக்கிறார்கள். ஸ்கேனில் அந்த இழைக்குச் சமமானது வாக்சல் எனப்படும் நுண்கட்டம். மருத்துவமனை சிடியில் ஒரு கட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். என் பல்லை எடுத்த இயந்திரத்தில் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஆய்வகங்களில் உள்ள மைக்ரோ சிடியில் சில மைக்ரான் வரை இறங்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று, தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் சிங்க்ரோட்ரான்.

சிங்க்ரோட்ரான் மேசைமேல் வைக்கும் கருவி கிடையாது, ஊர் அளவு வளையம். எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் அதற்குள் ஓட விட்டு, காந்தத்தால் வளைக்கும்போது அவை உமிழும் எக்ஸ்கதிரை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். புதைபடிவங்களைப் படமெடுப்பதில் பேர் வாங்கிய இடம் அது. இந்தியாவில் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது, சுற்றளவு 172.5 மீட்டர்.

அந்தக் கதிரின் பெருமை பிரகாசம் மட்டுமில்லை. புதைபடிவப் பல்லில் ஒரு சிக்கல் உண்டு. உயிருள்ள பல்லில் எனாமல் அடர்த்தி, அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற பகுதி அதைவிடக் குறைவு, நடுக்குழி வெறும் சதை. எக்ஸ்ரேயில் மூன்றும் பளிச்சென்று பிரியும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்த பல்லிலோ துளையெல்லாம் கனிமம் ஊறி நிறைந்து, உள்ளும் வெளியும் ஒரே அடர்த்தியாகிவிடும். எல்லாம் கல். கதிரை விழுங்கும் அளவு ஒன்றாகிவிட்டால் நிழலில் வேறுபாடு இராது.

இதற்கு வழி குறுக்குத்துறைப் படித்துறையில் இருக்கிறது. வெயில் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் தெளிந்து ஓடும்போது அடிமணலைப் பாருங்கள். தண்ணீருக்கு நிறமில்லை, இந்த ஆழத்தில் அது ஒளியை விழுங்குவதாகவே சொல்ல முடியாது. ஆனாலும் மணலில் ஒளிக்கோடுகள் வலைபோல் நெளிகின்றன. மேலே அலை வளைந்த இடத்தில் ஒளியும் வளைந்து, ஓரிடத்தில் குவிந்து, பக்கத்தில் குறைகிறது. தெரியாத அலையை அடிமணல் காட்டிக்கொடுக்கிறது. சிங்க்ரோட்ரான் கதிரை வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். பல்லுக்கும் படக்கருவிக்கும் நடுவே கொஞ்சம் தூரம் விட்டால், இரண்டு திசுக்கள் சந்திக்கும் எல்லையில் கதிர் இம்மி வளைந்து, எல்லை கோடாகத் தெரியும். இதை ஃபேஸ் கான்ட்ராஸ்ட் படம் என்கிறார்கள். ஒரே கல்லாகத் தெரிந்த பல்லுக்குள் மறுபடியும் திசுக்கள் பிரிந்து எழும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு உள்ளே எதைப் பார்க்கிறார்கள்? எனக்கு மிகப் பிடித்தது நாட்கணக்கு.

பல்லின் பெரும்பகுதியான டென்டின் நாளுக்கு ஒரு படலமாகப் படிகிறது. ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு வரி. கண்டவர் பெயரால் ஃபான் எப்னர் வரிகள் என்று பெயர். டைனோசர் பல்லில் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 10 முதல் 20 மைக்ரான். இது நாளுக்கு ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது? டைனோசருக்கு உறவான இன்றைய முதலை இனங்களுக்குப் பல்லில் படியும் சாயத்தைக் கொடுத்து, இத்தனை நாள் கழித்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நாளும் வரியும் பொருந்தின.

கிரெகரி எரிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் இதைக் கொண்டு ஒரு அழகான கழித்தல் கணக்கைப் போட்டார். ஒரு குழியில் இப்போது கடித்துக்கொண்டிருக்கும் பல் இருக்கிறது, அதன் கீழே அடுத்த பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேல்பல்லில் 300 வரி, கீழ்ப்பல்லில் 200 வரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கீழ்ப்பல் 100 நாள் கழித்துத் தொடங்கியிருக்கிறது. அந்தக் குழியில் நூறு நாளுக்கு ஒரு பல் முளைக்கிறது என்று பொருள். வளர்ந்த டைரனோசாரஸுக்கு அவர் கணக்கில் ஒரு பல் மாற ஏறத்தாழ 777 நாள் ஆயிற்று. இரண்டு ஆண்டுக்கும் மேல். பெரிய பல், கனத்த பல், நிதானமாகச் செய்யப்பட்டது.

இந்தக் கணக்குக்கு மேல்பல் கீழ்ப்பல் இரண்டையும் அறுக்க வேண்டும், அதுவும் தாடையிலிருந்து பிடுங்கி. இங்குதான் ஸ்கேன் கை கொடுத்தது. மைக்கேல் டெமிக் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சில பற்களை மட்டும் அறுத்து, இவ்வளவு பெரிய பல்லுக்கு இத்தனை நாள் என்ற உறவைக் கண்டார்கள். பிறகு முழுத் தாடைகளை அப்படியே ஸ்கேன் செய்து, எலும்புக்குள் வரிசைகட்டி நிற்கும் முளைப்பற்களை அளந்து கணக்கிட்டார்கள். அல்லோசாரஸுக்கு 104 நாள், செரட்டோசாரஸுக்கு 107 நாள். மடகாஸ்கரின் மஜுங்கசாரஸுக்கு வெறும் 56 நாள். எலும்பைக் கடித்துக் கொறிக்கும் விலங்காக இருந்து, பல் சீக்கிரம் தேய்ந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நமக்கு இதில் ஓர் உறவு உண்டு. குஜராத்தில் கிடைத்து 2003இல் பெயர் பெற்ற ராஜாசாரஸும் மஜுங்கசாரஸும் ஒரே குடும்பம். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த நிலம்.

தழை தின்னும் பெருவிலங்குகளின் கணக்கு இன்னும் வேடிக்கை. டிப்ளோடோகஸுக்கு ஒரு பல் 35 நாள், கமராசாரஸுக்கு 62 நாள். ஆப்பிரிக்காவின் நைஜர்சாரஸுக்கு 14 நாள். நைஜர்சாரஸின் தாடையை ஸ்கேனில் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் பற்கள் ஒன்றின்பின் ஒன்றாகத் துப்பாக்கி ரவை போல அடுக்கி நிற்கும். மலிவாகச் செய், தேய்ந்ததும் தூக்கிப்போடு என்ற கொள்கை. நாலு குழாய்க்கு வேர்சிகிச்சை பண்ணிக்கொண்டவனுக்கு இதைப் படிக்கும்போது லேசாகப் பொறாமை வந்தது உண்மை.

அடுத்து, விளிம்பு. பனைமட்டையை வெறுங்கையால் இழுத்தவர்களுக்குக் கருக்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஊன் தின்னும் டைனோசர்களின் பல்விளிம்பில் அதே போன்ற கருக்கு வரிசை உண்டு. ஒவ்வொரு கருக்கின் அடியிலும் உள்நோக்கிப் போகும் ஒரு சின்னக் கோடு தெரியும். நெடுநாளாக இது இரையைக் கடித்துக் கடித்து விழுந்த விரிசலோ என்ற எண்ணம் இருந்தது. 2015இல் கிர்ஸ்டின் பிரிங்க் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியாலும் சிங்க்ரோட்ரானாலும் பார்த்தார்கள். ஈறுக்குள் இருந்து இன்னும் வெளியே வராத, எதையும் கடித்தறியாத பற்களிலும் அந்தக் கோடு இருந்தது. கடிக்காத பல்லில் கடித்த விரிசல் எப்படி வரும்? அது வளரும்போதே அமைந்த மடிப்பு. கருக்கின் வேரை உள்ளே ஆழமாகக் கொண்டுபோய், எளிதில் உடையாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு. பன்னரிவாள் அடிக்கும் கொல்லர் பல்லை மேலோட்டமாகக் கீறாமல் ஆழ வெட்டி இறக்குவதைப் போல.

இங்கே கருவி எங்கே தோற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொமோடோ டிராகன் என்ற பெரும்பல்லியின் கருக்குகளில் ஆரஞ்சு நிறத்தில் இரும்புப் பூச்சு இருப்பதை 2024இல் கண்டார்கள். டைனோசருக்கும் இருந்ததா? சொல்ல முடியவில்லை. புதைந்து கிடந்த காலத்தில் மண்ணிலிருந்தே இரும்பு ஏறிவிடுகிறது. செக்கச் செவேலென்ற தேரி மண்ணில் வெள்ளை வேட்டியைப் புதைத்துவிட்டு, பிறகு தோண்டி எடுத்து, வேட்டியின் முதல் நிறம் என்ன என்று கேட்பது போன்றது. படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

தேரி என்றதும் இன்னொரு ஆய்வு. இதற்கு எக்ஸ்ரேயே வேண்டாம். பல்லின் மேற்பரப்பை மட்டும் பார்ப்பது. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் காற்றுக் காலத்தில் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு வாயில் நறநறவென்று மணல் கடிபடுவது பழக்கம். தேரி மணல் குவார்ட்ஸ், எனாமலைவிடக் கடினம். ஒவ்வொரு துகளும் பல்லில் ஒரு கீறல் போடும். டைனோசர் பற்களிலும் அந்தக் கீறல் அப்படியே பதிந்து கிடக்கிறது. ஆய்வாளர்கள் பல்லைக்கூட எடுத்துப்போக வேண்டியதில்லை. பல் மருத்துவர் அச்செடுக்கப் பயன்படுத்தும் அதே வகை சிலிகான் பசையை வைத்து அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சைக் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் வைத்தால் போதும். மேடு பள்ளம் எல்லாம் மைக்ரானுக்கும் கீழே அளவாகி, ஒரு நிலவரைபடம் போல வரும்.

டேனியலா விங்க்லர் குழு 2025இல் இப்படி 322 முப்பரிமாணப் பதிவுகளை எடுத்து, போர்ச்சுகல், அமெரிக்கா, தான்சானியா ஆகிய மூன்று இடங்களின் கழுத்து நீண்ட டைனோசர்களை ஒப்பிட்டது. எல்லாம் ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. தான்சானியப் பற்களில் தேய்மானம் மிகக் கடுமை. பக்கத்தில் பாலைநிலம், அங்கிருந்து அடித்து வந்த குவார்ட்ஸ் மணல் தழைமேல் படிந்திருக்கிறது, தின்றபோது பல்லை ராவியிருக்கிறது என்று விளக்கினார்கள். கமராசாரஸின் கதை வேறு. போர்ச்சுகலிலும் அமெரிக்காவிலும் அதன் பல்தேய்வு ஒரே சீராக இருந்தது. பருவம் மாறினாலும் ஒரே வகைத் தீனி கிடைக்க வேண்டுமென்றால், அது இருக்கும் இடத்தைத் தேடி நடந்திருக்க வேண்டும். கோடைக்கு மேய்ச்சல் தேடி ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு போகும் கீதாரிகள் இதைக் கேட்டால் வியக்க மாட்டார்கள்.

இந்த முறையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கீறல் சொல்வது விலங்கின் கடைசிச் சில நாள், சில வாரச் சாப்பாட்டைத்தான். பழைய கீறலைப் புதியது அழித்துவிடும். பிறகு ஆற்றில் உருண்ட பல்லிலும் கீறல் விழும், அதைப் பிரித்தறிய வேண்டும். நிறையப் பற்களை எடுத்துச் சராசரி பார்த்தால்தான் பேச முடியும். கல்லமேட்டுப் பல் மாதிரி ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு அது என்ன தின்றது என்று அடித்துச் சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

இன்னொரு தொல்லை, பெரிதாகவும் நுணுக்கமாகவும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. பட்டுப்பாயை வீட்டளவுக்கு நெய்ய எத்தனை நாளாகும் என்று யோசித்தால் புரியும். படக்கருவிக்குக் கட்டங்களின் எண்ணிக்கையில் வரம்பு உண்டு. வேரோடு சுமார் 30 சென்டிமீட்டர் வரும் டைரனோசாரஸ் பல்லை முழுதாக எடுத்தால் நாள்வரி தெரியாது, நாள்வரியை எடுத்தால் பல்லில் ஒரு மூலைதான் கிடைக்கும். பல கோப்புகளாக எடுத்து ஒட்ட வேண்டும். பிறகு ஒருவர் கணினி முன் உட்கார்ந்து, இது எனாமல், இது டென்டின், இது பிறகு ஊறிய கல் என்று அடுக்கடுக்காக நிறம் தீட்ட வேண்டும். இப்போது கணினிக்கே அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றாலும், அது தப்பு செய்கிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பல்லைத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

ஸ்கேன் இல்லாததால் நம் பக்கம் நடந்த கூத்தும் ஒன்று உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது, எங்கள் தெரு வரைக்கும் வந்தது. வல்லுநர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் என்ற கடலுயிரிகளைச் சுற்றி இறுகிய படிவ உருண்டைகள் என்றார்கள். அந்த உருண்டை ஒன்றை ஏதாவது ஒரு ஊரின் ஸ்கேன் சென்டரில் வைத்திருந்தால்கூட, உள்ளே ஓடா கருவா என்று பார்க்க முதல் முயற்சியாவது நடந்திருக்கும்.

புருஹத்காயோசாரஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1980களில் வயலில் வைத்து எலும்பை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் வசதி கிடையாது. இன்று கைபேசியில் சுற்றிச்சுற்றி நூறு படம் எடுத்தாலே மேற்பரப்பு உருவம் கட்டிவிடலாம். ஸ்கேன் கோப்புகளைப் பொதுவில் வைப்பதற்கென்றே மார்ஃபோசோர்ஸ் போன்ற இணையக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அங்கிருந்து தரவிறக்கி, முப்பரிமாண அச்சில் உருவாக்கி, பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். மூலப்பல் பெட்டியைவிட்டு நகர வேண்டியதில்லை.

ஸ்கேன் சென்டரில் என் கோப்பைக் கேட்டேன். பையன் ஒரு குறுந்தட்டில் போட்டுக் கொடுத்தான். "உங்ககிட்ட எத்தனை நாள் வச்சிருப்பீங்க?" என்றேன். "இடம் பத்தாது அண்ணாச்சி, மூணு மாசத்துல அழிச்சிருவோம்" என்றான். வீட்டுக்கு வந்து பார்த்தால் மகளின் மடிக்கணினியில் குறுந்தட்டுப் போடும் இடமே இல்லை. நான்கு குழாயோடு என் பல் இப்போது பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.